இரத்த பிளாஸ்மாவில் உள்ள புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியையும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியையும் பார்ப்பார்கள், மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், குளோபுலின், ஏ/ஜி ரேஷியோ (ஆல்புமின்-குளோபுலின் விகிதம்) என்று நான்கு வரிகள் இருக்கும். அதில் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் இருந்தால்தான் கேள்விகள் கிளம்பும். அந்த நான்கு வரிகளைப் பற்றியும், அவற்றுக்குள் அடங்காத மற்ற பிளாஸ்மா புரதங்களைப் பற்றியும் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடலாம்: புரதம் என்றதும் சாப்பாட்டுத் தட்டை நினைக்கிறோம். இந்த எண்களோ பெரும்பாலும் கல்லீரல், சிறுநீரகம், நோய்த்தொற்று இவற்றின் கதையைத்தான் சொல்கின்றன.

பிளாஸ்மாவும் சீரமும் ஒன்றுதானா?

இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் எடுத்துச் சுழற்றினால், அணுக்கள் அடியில் தங்கிவிடும், மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு திரவம் நிற்கும். அது பிளாஸ்மா. இரத்தத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய 55 சதவீதம் அதுதான். அதே இரத்தத்தை முதலில் உறைய விட்டு, பிறகு சுழற்றினால் மேலே வருவது சீரம். உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் செலவாகிவிடுவதால் சீரத்தில் அது இருக்காது. மற்ற புரதங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இரத்தம் எடுக்கும் இடத்தில் "எதற்கு இத்தனை டியூப்?" என்று சலித்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான். ஆல்புமின், குளோபுலின் பார்க்கச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய். அதில் கிடைப்பது சீரம். இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க நீல மூடி; அதில் சிட்ரேட் இருக்கும், கிடைப்பது பிளாஸ்மா. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பயன்படுத்த முடியாது.

நிறமும் எப்போதும் வைக்கோல் நிறமாக இருப்பதில்லை. நெய் பிரியாணி சாப்பிட்ட கையோடு வந்தவரின் பிளாஸ்மா பால் போலக் கலங்கியிருக்கும். மஞ்சள் காமாலைக்காரருடையது அடர்மஞ்சள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களின் பிளாஸ்மா சில சமயம் லேசான பச்சையாக இருப்பதுண்டு. அது கெட்டுப்போனதல்ல. செருலோபிளாஸ்மின் என்ற நீல நிறப் புரதம் அவர்களுக்குக் கூடுதலாகச் சுரக்கிறது, அவ்வளவுதான்.

மொத்தம் எத்தனை வகைப் புரதங்கள்?

பாடப்புத்தகக் கணக்கில் மூன்று: ஆல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன். 100 மில்லி பிளாஸ்மாவில் 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்கும். அதில் ஆல்புமின் மட்டும் 3.5 முதல் 5 கிராம். குளோபுலின்கள் எல்லாம் சேர்ந்து 2 முதல் 3.5 கிராம். ஃபைப்ரினோஜன் 200 முதல் 400 மில்லிகிராம்.

ஆனால் குளோபுலின் என்பது ஒரு புரதத்தின் பெயரல்ல. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ புரதங்களை ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். எடைக் கணக்கில் பார்த்தால் இருபதுக்குச் சற்று மேற்பட்ட புரதங்களே மொத்தத்தில் 99 சதவீதம். மீதி ஒரு சதவீதத்துக்குள் ஆயிரக்கணக்கானவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன: ஹார்மோன்கள், நொதிகள், செல்கள் உடைந்து கசிந்தவை. ஆல்புமினுக்கும், அழற்சியின்போது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்துக்கும் அளவில் உள்ள வித்தியாசம் சுமார் ஆயிரம் கோடி மடங்கு. இரண்டும் ஒரே சொட்டில்தான் ஓடுகின்றன.

இவற்றை உடம்பில் யார் தயாரிக்கிறார்கள்?

பெரும்பாலும் கல்லீரல். முக்கியமான விதிவிலக்கு நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள். அவற்றைச் செய்பவை எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு, மண்ணீரல் ஆகிய இடங்களில் உள்ள பிளாஸ்மா செல்கள். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஏ/ஜி ரேஷியோ பாதி புரிந்த மாதிரி.

ஆல்புமின் என்ன செய்கிறது? குறைந்தால் ஏன் கால் வீங்குகிறது?

முதல் வேலை, இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது. உப்பில் போட்ட மாவடு தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரைபொருள் அதிகமாக உள்ள பக்கத்துக்கு நீர் போகும் என்ற அதே விதிதான் இங்கேயும். மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியாக உப்பும் சர்க்கரையும் எளிதாகப் போய்வரும், புரதம் அவ்வளவு எளிதில் வெளியேறாது. அதனால் புரதம்தான் நீரை உள்ளே இழுத்து நிறுத்துகிறது. அந்த இழுவை சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ ஆல்புமினுடையது. ஆல்புமின் நன்றாகக் குறைந்தால் நீர் திசுக்களுக்குள் கசியும். நிற்கும்போது காலில், படுத்தால் முதுகின் அடிப்பகுதியில், குழந்தைகளுக்குக் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும்.

இரண்டாவது வேலை சுமப்பது. கொழுப்பு அமிலம், பிலிருபின், கால்சியத்தில் ஒரு பெரும் பகுதி, அப்புறம் நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் என்று எல்லாம் ஆல்புமினின் முதுகில்தான் பயணம் செய்கின்றன. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சுமார் 99 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டே ஓடும். ஒட்டாமல் திரியும் அந்த ஒரு சதவீதம்தான் வேலை செய்வது. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினும் ஏறக்குறைய 90 சதவீதம் இப்படித்தான். ஆல்புமின் குறைந்தவருக்கு இரத்தத்தில் ஃபெனிடாயின் மொத்த அளவு குறைவாகத் தெரியும்; அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் நோயாளி தள்ளாட ஆரம்பித்துவிடுவார். கால்சியமும் அப்படியே. ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறையும்போதும் கால்சியத்தோடு 0.8 மில்லிகிராம் கூட்டிப் பார்ப்பது வழக்கம். அதைக் கூட்டாமல் "கால்சியம் குறைவு" என்று மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள் நிறைய.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆல்புமினோடு ஒட்டிய பிலிருபின் மூளைக்குள் நுழையாது, ஒட்டாதது நுழையும். சல்ஃபா மருந்துகளும் செஃப்ட்ரையாக்சோனும் பிலிருபினைத் தள்ளிவிட்டு ஆல்புமினில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. அதனால்தான் காமாலை உள்ள சிசுவுக்கு அவற்றைத் தவிர்க்கிறார்கள்.

ஆல்புமின் குறைய என்ன காரணம்?

நான்கு வழிகள். கல்லீரல் செய்யாமல் விடுவது, சிறுநீரகமோ குடலோ வெளியே விடுவது, உடம்பில் கடும் அழற்சி நடப்பது, போதிய சாப்பாடு இல்லாதது. நம் வீடுகளில் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள்.

கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸில் அதன் உற்பத்தி குறைந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நெஃப்ராட்டிக் நோயில் சிறுநீரக வடிகட்டி பழுதாகி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போவதும், நுரை நெடுநேரம் அடங்காமல் நிற்பதும் அதன் அடையாளம். இதில் கொலஸ்ட்ரால் எகிறும். ஆல்புமின் குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் எல்லாவற்றையும் வேகவேகமாகச் செய்து தள்ளுவது அதற்கு ஒரு காரணம். கடும் தொற்று வந்தாலும், பெரிய ஆபரேஷன் முடிந்தாலும் சில நாட்களிலேயே ஆல்புமின் இறங்கிவிடும். அப்போது கல்லீரல் வேறு புரதங்களைச் செய்வதில் மும்முரமாக இருக்கிறது, குழாய்ச் சுவர்களும் கசிகின்றன. கர்ப்பத்தில் பிளாஸ்மாவின் அளவே கூடுவதால் ஆல்புமின் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும், அது இயல்பு.

சாப்பாட்டுக் குறைவால் வருவதும் உண்மையிலேயே உண்டு. 1930களில் கானாவில், அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் விவரித்த குவாஷியோர்கர் நோய் அப்படிப்பட்டது. தாய்ப்பால் நிறுத்தி மக்காச்சோளக் கஞ்சி மட்டும் கொடுக்கப்பட்ட குழந்தைகள் கால் வீங்கி, வயிறு உப்பி வந்தார்கள். ஆனால் மூன்று வேளையும் சாப்பிடும் ஒருவருக்கு ஆல்புமின் 2.4 என்று வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் சிறுநீரையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும்.

முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டால் ஆல்புமின் ஏறுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முட்டையில் இருப்பது ஓவல்புமின். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அது வேறு புரதம். எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் குடல் அதை அமினோ அமிலங்களாக உடைத்துத்தான் உள்ளே விடும். அந்த அமினோ அமிலங்களை வைத்துக் கல்லீரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஆல்புமின் செய்யும். 585 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. கல்லீரல் சரியாக இருந்து, சாப்பாடுதான் குறைவு என்றால் முட்டை, பருப்பு, மீன், பால் எல்லாமே உதவும். கல்லீரல் பழுதாகியிருந்தால் தினமும் ஆறு வெள்ளைக்கரு சாப்பிட்டாலும் ரிப்போர்ட்டில் எண் பெரிதாக அசையாது.

அதற்காகச் சிரோசிஸ் நோயாளிக்குப் புரதமே கொடுக்கக் கூடாது என்று நினைப்பதும் தவறு. அவர்களுக்குத் தசை கரைவது பெரிய பிரச்சினை, புரதம் அவசியம். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இன்னொன்று: ஆல்புமின் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்குத்தான் பாதியாகக் குறையும். ஆகவே ஒரு வாரம் சாப்பாட்டை மாற்றிவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது பணத்துக்குக் கேடு.

ஆல்புமின் பாட்டில் ஏற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

சில இடங்களில் கட்டாயம். வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் ஊசி வழியாக எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம்; இல்லையென்றால் இரத்த அழுத்தம் இறங்கிச் சிறுநீரகம் கெடலாம். வயிற்று நீரில் தொற்று ஏற்பட்டாலும் தேவைப்படும். 20 சதவீதக் கரைசல் 100 மில்லி என்றால் அதில் 20 கிராம் இருக்கிறது.

ஆனால் ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவோ, "உடம்பு தேறட்டும்" என்பதற்காகவோ ஏற்றுவதில் பயனில்லை. அது சத்து மருந்து அல்ல. விலை அதிகம் என்பதால் நகையை அடகு வைத்து வாங்கும் குடும்பங்கள் உண்டு. எதற்காக ஏற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை.

இந்தப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. ஹார்வர்டில் எட்வின் கோன் என்பவர் 1940 வாக்கில், குளிர்ந்த ஆல்கஹாலின் அளவையும் அமிலத்தன்மையையும் படிப்படியாக மாற்றி, பிளாஸ்மாவிலிருந்து ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியாக வீழ்படிவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது தீக்காயம் பட்டவர்களுக்கு அந்த ஆல்புமின் ஏற்றப்பட்டது. இன்றைக்கும் தொழிற்சாலைகளில் அந்த முறையின் வழித்தோன்றல்கள்தான் ஓடுகின்றன. ஆல்புமினை 60 டிகிரியில் 10 மணி நேரம் சூடாக்கி வைரஸ்களை அழிக்கிறார்கள்.

ஆல்புமினே இல்லாமல் ஒருவர் வாழ முடியுமா?

முடியும்! பிறவியிலேயே ஆல்புமின் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் மிக அரிய நிலை ஒன்று உண்டு. முதன்முதலில் 1954இல் ஜெர்மனியில் பதிவானது. இவர்களில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக லேசான கால் வீக்கமும் அதிகக் கொலஸ்ட்ராலும்தான். மற்ற புரதங்கள் கூடிச் சமாளித்துக்கொள்கின்றன. மேலே கால் வீக்கத்துக்குச் சொன்ன விளக்கம் முழுக்கதை அல்ல என்பதற்கு இவர்களே சாட்சி.

குளோபுலினில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஏன் பிரிக்கிறார்கள்?

மின்சாரத்தில் ஓடும் வேகத்தை வைத்து. ஸ்வீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசேலியஸ் 1937இல் சீரத்தினுள் மின்சாரம் செலுத்தி, புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார். ஆல்புமின் முன்னால் போயிற்று. பின்னால் வந்த மூன்று கூட்டங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார். 1948இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆல்ஃபாவைப் பின்னர் ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 என்று இரண்டாக்கினார்கள். ஆக இது ஓட்டப் பிரிவு, வேலைப் பிரிவு அல்ல. ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் இரண்டு புரதங்களுக்கு ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாமல் இருக்கலாம்.

லேபில் இன்றும் 'சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ்' என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். சாயம் ஏற்றிய பட்டையில் இடப்பக்கம் ஆல்புமின் தடித்த ஒற்றைக் கோடாக நிற்கும். வலப்பக்கக் கடைசியில் காமா பகுதி எல்லையே இல்லாமல் மங்கலாகப் பரவியிருக்கும். அந்த மங்கல்தான் ஆரோக்கியத்தின் அடையாளம். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஆல்ஃபா, பீட்டா கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

ஆல்ஃபா-1இல் முதன்மையானது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். வெள்ளையணுக்கள் கிருமியோடு சண்டை போடும்போது எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்கும். அது நுரையீரலையும் சேர்த்து அரித்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. 1963இல் ஸ்வீடனின் கார்ல்-பெர்டில் லாரெலும் ஸ்டென் எரிக்சனும் எலக்ட்ரோஃபோரெசிஸ் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலவற்றில் ஆல்ஃபா-1 கோடே இல்லாததைக் கவனித்தார்கள். அந்த நோயாளிகளில் சிலருக்கு இளவயதிலேயே நுரையீரல் சிதைந்திருந்தது. இருக்க வேண்டிய ஒரு கோடு இல்லை என்பதைக் கவனித்தே ஒரு பரம்பரை நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆல்ஃபா-2இல் ஹாப்டோகுளோபின் இருக்கிறது. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் சிதறினால் அதைக் கட்டிப்பிடித்து அப்புறப்படுத்தும். அணுக்கள் நிறைய உடைந்தால் ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோகும். ஆகவே அது குறைவது ஹீமோலிசிஸுக்கு, அதாவது சிவப்பணுச் சிதைவுக்கு, தடயம். பச்சைப் பிளாஸ்மா விவகாரத்தில் வந்த செருலோபிளாஸ்மினும் இதே கூட்டம்தான். தாமிரத்தைச் சுமப்பது, உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயில் பெரும்பாலும் 100 மில்லிக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும்.

பீட்டாவில் டிரான்ஸ்ஃபெரின். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைச் சுமக்கும். இரும்புச்சத்துக் குறைவில் இது குறையாது, கூடும். சுமக்கச் சரக்கு இல்லாத வண்டிகள் அதிகமாகச் சுற்றும். ரிப்போர்ட்டில் 'டி.ஐ.பி.சி.' (இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன்) என்று வருவது ஏறக்குறைய இதைத்தான். கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல்.லும் பீட்டா பகுதியில்தான் ஓடுகிறது. அதுவும் கொழுப்பைச் சுமக்கும் புரதமே.

காமா குளோபுலின் என்றால் நோய் எதிர்ப்பு சக்தியா?

பெரும்பாலும் ஆம், அதன் ஒரு பகுதி. இம்யூனோகுளோபுலின் ஐந்து வகை. இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஐ.ஜி.ஜி. தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் ஒரே வகை அது. பிறந்த பின் மெல்லக் கரைந்து, மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் மிகக் குறைந்த நிலைக்கு வரும். புதுத் தொற்றில் முதலில் எழுவது ஐ.ஜி.எம். தாய்ப்பாலிலும் உமிழ்நீரிலும் குடல் பரப்பிலும் காவல் இருப்பது ஐ.ஜி.ஏ. அலர்ஜிக்காரர்களுக்கும், வயிற்றில் புழு உள்ளவர்களுக்கும் எகிறுவது ஐ.ஜி.இ. ஐந்தாவதான ஐ.ஜி.டி.யைப் பற்றி நோயாளி கவலைப்பட வேண்டிய தருணம் அநேகமாக வராது.

இன்னொருவருடைய குளோபுலினை நமக்கு ஏற்ற முடியுமா?

தினமும் நடக்கிறது. நாய் ஆழமாகக் கடித்தால் தடுப்பூசியோடு சேர்த்துப் புண்ணைச் சுற்றிப் போடும் ஊசி ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். மனித இரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்தது என்றால் 40 அலகு. நெகட்டிவ் இரத்த வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசியும் குளோபுலினே. ஹெபடைட்டிஸ்-பி உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்து 12 மணி நேரத்துக்குள் போடுவதும் அப்படித்தான்.

நம் ஊருக்கு மிக நெருக்கமான உதாரணம் பாம்புக்கடி மருந்து. செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இயங்குகிறது. அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிடமிருந்தும் விஷம் எடுத்து மருந்துத் தயாரிப்பாளர்களுக்குத் தருகிறார்கள். எடுத்த பிறகு பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்கு ஊசி போட்டால், அதன் உடம்பில் விஷத்துக்கு எதிரான குளோபுலின் உருவாகும். குதிரையின் பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுத்து, பெப்சின் நொதியால் குளோபுலினின் வால் பகுதியை வெட்டிவிட்டு, விஷத்தைப் பிடிக்கும் கைகளை மட்டும் உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் 10 மில்லி நீர் விட்டுக் கரைப்பது அந்தப் பொடியைத்தான். வேற்று விலங்கின் புரதம் என்பதால் சிலருக்கு ஏறிய சில நிமிடங்களில் தடிப்பு, மூச்சிரைப்பு வரலாம். அதற்காக அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். தொண்டை அடைப்பான் நோய்க்கு இதே வழியில் சிகிச்சை கண்டதற்காகத்தான் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு எமில் ஃபான் பேரிங்குக்குக் கிடைத்தது.

ஃபைப்ரினோஜன்?

காயத்தில் இரத்தம் உறைய வலை பின்னும் புரதம். திராம்பின் என்ற நொதி இதன் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டுகளை வெட்ட, மீதி ஃபைப்ரின் இழையாகச் சேர்ந்துகொள்ளும். அந்த வலை பின்னர் கரையும்போது உதிரும் துண்டுதான் கோவிட் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான டி-டைமர்.

மறுபடி பாம்புக்கே வருவோம். கண்ணாடி விரியன் விஷம் உறைதல் சங்கிலியைத் தூண்டிவிட்டு ஃபைப்ரினோஜன் முழுவதையும் செலவழித்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் இரத்தம் 2 மில்லி எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும்.

உறைதலுக்கு ஃபைப்ரினோஜன் மட்டும் போதுமா?

போதாது. வரிசையாகப் பல புரதங்கள் வேண்டும்; அவற்றைக் காரணி என்று எண் போட்டுச் சொல்வார்கள். எட்டாவது காரணி பிறவியிலேயே இல்லாவிட்டால் இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது இல்லாவிட்டால் ஹீமோபிலியா பி. 1960களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் ஒன்றைக் கவனித்தார்: உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருக விட்டால் அடியில் தங்கும் படிவில் எட்டாவது காரணி செறிந்திருந்தது. இன்றைய இரத்த வங்கிகளின் கிரையோபிரெசிபிடேட் அதுதான். வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஐந்து ஹீமோபிலியா ஏ நோயாளிகளின் சொந்த ஸ்டெம் செல்லில் எட்டாவது காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, அவர்கள் உடம்பே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்ததை 2024 இறுதியில் வெளியிட்டது.

கல்லீரல் திடீரெனப் பழுதாகும்போது இந்தக் காரணிகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஏழாவது காரணியின் அரை ஆயுள் சில மணி நேரமே. ஆகவே கடுமையான காமாலையில் ஆல்புமின் நார்மலாக இருந்தாலும் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். எகிறிவிடும். "ஆல்புமின் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அப்போது ஆறுதல் கொள்ள முடியாது.

சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இவையும் பிளாஸ்மா புரதமா?

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) ஆம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் கண்டுபிடித்தார்கள். கடும் தொற்றில் ஆயிரம் மடங்குவரைகூட உயரும், தொற்று அடங்கினால் சில நாட்களில் விழும். ஈ.எஸ்.ஆர். புரதமல்ல, சிவப்பணுக்கள் குழாயில் இறங்கும் வேகம். ஆனால் ஃபைப்ரினோஜனும் குளோபுலினும் கூடினால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆக அதுவும் மறைமுகப் புரதக் கணக்குதான்.

ஏ/ஜி ரேஷியோ தலைகீழாக வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஆல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் வருவது இது. பொதுவாக 1க்கு மேல் இருக்கும். குளோபுலினைப் பெரும்பாலான லேபுகள் அளப்பதே இல்லை. டோட்டல் புரோட்டீனில் ஆல்புமினைக் கழித்து எழுதுகிறார்கள். ஆகவே ஆல்புமினில் ஒரு சிறு பிழை இருந்தாலும் அது ரேஷியோவில் பெரிதாகிவிடும்.

உண்மையிலேயே 1க்குக் கீழே போயிருந்தால், ஆல்புமின் குறைந்ததாலா, குளோபுலின் கூடியதாலா என்று பாருங்கள். சிரோசிஸில் இரண்டும் நடக்கும். காசநோய் போன்ற நாள்பட்ட தொற்று, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் குளோபுலின் கூடும். வயதானவருக்கு முதுகுவலி, இரத்தசோகை, நூறைத் தாண்டிய ஈ.எஸ்.ஆர்., இவற்றோடு குளோபுலினும் 5, 6 என்று வந்தால் தள்ளிப்போடாமல் எலக்ட்ரோஃபோரெசிஸ் செய்ய வேண்டும்.

அதில் 'எம் பேண்ட்' இருக்கிறது என்றால்?

காமா பகுதி மங்கலாகப் பரவியிருப்பது நல்லது என்றேனே, காரணம் இது: லட்சக்கணக்கான செல் வம்சங்கள் ஆளுக்கொரு விதமான ஆன்டிபாடி செய்வதால் அவை கொஞ்சம் முன்பின்னாக ஓடிப் பரவும். ஒரே வம்சம் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் ஒரே மாதிரிப் புரதம் மட்டும் குவிந்து, மங்கலுக்கு நடுவே கூரான ஒற்றைக் கோடு எழும். மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோயில் இப்படித் தெரியும். 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்த விநோதச் சிறுநீர்ப் புரதமும் இந்த நோயுடையதே. சூடாக்கினால் திரளும், கொதித்தால் கரைந்துவிடும்.

ஆனால் எம் பேண்ட் என்றாலே புற்றுநோய் அல்ல. அமெரிக்காவில் எடுத்த கணக்கில் 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு, எந்த நோயும் இல்லாமலேயே சிறிய கோடு ஒன்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வப்போது சரிபார்ப்பதே போதும்.

இரண்டு லேபில் இரண்டு மாதிரி எண் வருகிறதே? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

ஆல்புமினை ஒரு சாயத்தோடு கலந்து நிற மாற்றத்தை வைத்து அளக்கிறார்கள். பச்சைச் சாயம் பயன்படுத்தும் லேபில் ஊதாச் சாய லேபைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். நின்றுகொண்டிருந்துவிட்டு உடனே இரத்தம் கொடுத்தால் படுத்திருந்து கொடுப்பதைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகவும் வரலாம். கையில் கட்டிய பட்டையை நெடுநேரம் அவிழ்க்காமல் விட்டாலும் அப்படியே. வாந்தி, பேதியில் உடம்பு வற்றியிருந்தால் எல்லாப் புரதமும் ஒருசேர உயர்ந்து தெரியும். 0.2, 0.3 வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒரே லேபில் பாருங்கள்.

புரதத்துக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் என்றால் அவர்கள் சொன்னபடி வெறும் வயிற்றில் போங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்தால் சாம்பிள் கலங்காமல் வரும்.